ஈறில் கசியும் ரத்தம்: வலிக்காத நோயின் முதல் அறிகுறி

ஈறில் ரத்தம் கசிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படிந்து, அகற்றப்படாமல் கிடக்கும் பாக்டீரியாப் படலம். பிரஷ் பட்டதும் ரத்தம் வருவதால் பழி பிரஷ் மீது விழுகிறது. ரத்தம் வரும் இடத்தைத் தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்று எண்ணி, பலரும் அந்தப் பக்கம் துலக்குவதையே குறைத்துவிடுகிறார்கள். விளைவு நேர்மாறானது. துலக்காத இடத்தில் படலம் தடிக்கிறது. ஈறு மேலும் வீங்குகிறது. அடுத்த முறை லேசாகப் பட்டாலே ரத்தம் வருகிறது. சொத்தைப் பல் இரவில் தூங்கவிடாது. ஈறு நோய் அப்படி வலிப்பதில்லை. பல் ஆடத் தொடங்கும் வரை அதற்கென்று இருக்கும் தெளிவான அறிகுறி இந்த ரத்தம் ஒன்றே. தொடக்கத்திலேயே கவனித்தால் சேதம் ஏதுமின்றி மீளலாம் என்பதால்தான் அதன் காரணத்தை அறிவது முக்கியமாகிறது.

ஈறும் பல்லின் பிடிப்பும்

பல்லைத் தாங்குபவை நான்கு: ஈறு, பல்வேரின் மேலுள்ள சிமெண்டம் என்ற மெல்லிய அடுக்கு, தாடை எலும்பு, வேரையும் எலும்பையும் இணைக்கும் நார்த்திசு. பல் எலும்புக்குள் நேராகப் பதிந்திருப்பதில்லை. நார்களால் பிடிக்கப்பட்டு, கடிக்கும் அழுத்தத்துக்கு ஏற்ப மிக நுண்ணிய அளவில் அசைந்து கொடுக்கிறது.

இந்த அமைப்பின் மேல் மூடிதான் ஈறு. அதன் விளிம்பு பல்லோடு முற்றிலும் ஒட்டியிருப்பதில்லை. பல்லைச் சுற்றி ஆழமில்லாத ஒரு குழிவு ஓடுகிறது. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். குழிவின் அடியில்தான் ஈறு பல்லைப் பற்றியிருக்கிறது. ஈறு நோய் தொடங்குவதும் வளர்வதும் இந்தச் சிறிய இடைவெளியில்.

நலமான ஈறு உறுதியாக இருக்கும். பல்லைச் சுற்றிக் கத்தி முனைபோல் மெலிந்து முடியும். துலக்கினால் ரத்தம் வராது. அதன் நிறத்தை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. பாடநூல்கள் இளஞ்சிவப்பு என்று எழுதினாலும், மெலனின் நிறமி மிகுந்த தென்னிந்தியர்களுக்கும் இலங்கையருக்கும் ஈறு பழுப்பாகவோ கருமையாகவோ இருப்பது இயல்பு. நாள்பட இருக்கும் கருமை நோயல்ல. வீக்கம், பளபளப்பு, உருண்டு தடித்த விளிம்பு, ரத்தக் கசிவு ஆகியவைதான் நோயின் அடையாளங்கள்.

படலம் காரையாகும் விதம்

துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. சில மணி நேரத்தில் அதன் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டத் தொடங்குகின்றன. முதலில் வருபவை பெரும்பாலும் தீங்கற்றவை. அவை பெருகி, பசைபோன்ற பொருளைச் சுரந்து, அடுத்து வரும் வகைகளுக்கு இடம் அமைத்துக் கொடுக்கின்றன. நாட்கள் செல்லச் செல்ல, ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் வாழும் வகைகள் பெருகுகின்றன. நாவால் தடவினால் சொரசொரப்பாகப் படும் இந்த வெண்மஞ்சள் பூச்சுதான் பற்படலம். வாயில் வாழக்கூடியவையாக 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. ஒரு மில்லிகிராம் படலத்தில் சுமார் 10 கோடி பாக்டீரியாக்கள் அடங்கும்.

இவற்றை முதலில் கண்ணால் கண்டவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹுக். தாமே தேய்த்துச் செய்த லென்ஸின் கீழ், தம் பல்லிலிருந்து சுரண்டிய படலத்தை வைத்துப் பார்த்தார். உள்ளே நெளிந்த உயிர்களை விவரித்து 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அந்த உயிர்களுக்கும் ஈறு நோய்க்கும் உள்ள தொடர்பு ஐயமற நிறுவப்பட அதன் பிறகு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆயின.

அகற்றாமல் விட்ட படலத்தில் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து அது கெட்டியாகிறது. இதுவே காரை. கீழ்த்தாடை முன்பற்களின் உட்புறத்திலும் மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் காரை அதிகம் சேரும். உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் அங்கே திறப்பதுதான் காரணம். காரையின் சொரசொரப்பில் புதிய படலம் எளிதாக ஒட்டிக்கொள்கிறது. படலத்தைப் பிரஷ் அகற்றிவிடும். காரையை அகற்ற அதனால் இயலாது.

ரத்தம் ஏன் வருகிறது

படலத்திலுள்ள பாக்டீரியாக்கள் வெளியிடும் நச்சுகள் ஈறின் திசுவுக்குள் ஊடுருவுகின்றன. உடனே உடலின் தற்காப்பு விழித்துக்கொள்கிறது. ஈறின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளை அணுக்கள் அவற்றிலிருந்து வெளியேறிக் குழிவை நோக்கி விரைகின்றன. திசுவில் நீர் கோக்கிறது. ஈறு சிவந்து வீங்குவது இதனால்தான்.

இந்தப் போரில் குழிவின் உட்புறச் சவ்வும் சேதமடைகிறது. அது மெலிந்து, ஆங்காங்கே புண்ணாகிறது. விரிந்த ரத்தக் குழாய்களுக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே பாதுகாப்பாக எதுவும் மிஞ்சுவதில்லை. அப்போது பிரஷின் நார் பட்டாலும், கொய்யாவைக் கடித்தாலும் குழாய் உடைந்து ரத்தம் கசிகிறது. நலமான ஈறின் தடித்த சவ்வு அதே பிரஷை, அதே கொய்யாவைத் தாங்கிக்கொள்கிறது. பிரஷ் புண்ணை உண்டாக்கவில்லை, இருக்கும் புண்ணைக் காட்டிக்கொடுக்கிறது.

ஈறின் நிறமும் வடிவமும் மாறுவதற்கு முன்பே ரத்தக் கசிவு தோன்றிவிடுகிறது என்பதை ஸ்விட்சர்லாந்தின் முலேமன், சோன் ஆகியோர் 1971இல் எடுத்துக்காட்டினர். கண்ணாடியில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும் ஈறிலும் நோய் தொடங்கியிருக்கலாம் என்பது அதன் பொருள்.

மாணவர்களும் ஓர் ஆசிரியரும்

படலம்தான் காரணம் என்பதை நிறுவிய சோதனை 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியானது. நடத்தியவர் அங்குப் பேராசிரியராக இருந்த, நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ. உடன் தைலாடே, யென்சன். நலமான ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை முழுதாக நிறுத்தினர். அவர்களில் பெரும்பாலோர் முதலாண்டு மாணவர்கள்; அவர்களோடு ஈறு மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும் ஆய்வக உதவியாளர்களும் இருந்தனர்.

10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. படலத்தின் கலவையும் படிப்படியாக மாறியது. நலமான ஈறில் உருண்டை வடிவப் பாக்டீரியாக்கள் மிகுந்திருந்தன; அழற்சி நெருங்கியபோது இழை வடிவமும் சுருள் வடிவமும் கொண்டவை பெருகின. பிறகு அனைவரும் மீண்டும் துலக்கத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழையபடி நலமாயின. மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

ஒரே சோதனையில் இரண்டு செய்திகள் உறுதியாயின. படலம் சேர்ந்தால் யாருக்கும் ஈறு அழற்சி வரும். படலம் போனால் அது மறையும். நீண்ட நாள் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யாத ஒருவர் அதைப் புதிதாகத் தொடங்கும்போது முதல் சில நாட்கள் ரத்தம் வருவதும், விடாமல் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரங்களில் நிற்பதும் இதே விதிப்படிதான்.

தேயிலைத் தோட்டத்தில் பதினைந்து ஆண்டுகள்

ஈறு அழற்சியைக் கவனிக்காமலே விட்டால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கான விடையும் லோவின் ஆய்வுகளிலிருந்தே வந்தது. அதில் மலையகத் தமிழர்களுக்குப் பெரும் பங்குண்டு. 1970இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயை அவரது குழு பரிசோதித்தது. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தது. பல் மருத்துவ வசதி எட்டாத அவர்களிடம் பிரஷ் கொண்டு துலக்கும் வழக்கம் இல்லை. படலமும் காரையும் எல்லோர் பல்லிலும் படிந்திருந்தன. ஏறக்குறைய எல்லாப் பற்களைச் சுற்றியும் ஈறு வீங்கியிருந்தது. ஆயினும் சொத்தைப் பல் மிக அரிது.

எல்லோருக்கும் அழற்சி இருந்தும் எல்லோரும் ஒரே வேகத்தில் பல்லை இழக்கவில்லை. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக முன்னேறியது. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சிக்கு மேல் போகவே இல்லை. 35 வயதில் முதல் குழுவினரின் பல் பிடிப்பு சராசரியாக 9 மில்லிமீட்டர் அளவுக்கு அழிந்திருந்தது; இரண்டாம் குழுவினருக்கு 4 மில்லிமீட்டர்; மூன்றாம் குழுவினருக்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே அளவு அழுக்குக்கு ஒவ்வோர் உடலும் வெவ்வேறு விதமாக எதிர்வினை காட்டுகிறது என்ற முடிவு ஈறு மருத்துவத்தின் அடிப்படைகளில் ஒன்றானது. மரபணு, சர்க்கரை நோய், புகைப்பழக்கம் போன்றவை அந்த எதிர்வினையைத் தீர்மானிக்கின்றன.

நோய் எலும்பை எட்டும் நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் பெரியோடான்டைட்டிஸ். மக்கள் வழக்கில் பயோரியா. ஈறின் பிடிப்பு வேரை நோக்கிக் கீழிறங்க, குழிவு ஆழமான பாக்கெட்டாகிறது. பாக்டீரியாவைத் துரத்தும் முயற்சியில் உடலின் தற்காப்பே எலும்பைக் கரைக்கத் தூண்டுகிறது. கரைந்த எலும்பு பெரும்பாலும் தானாகத் திரும்ப வளர்வதில்லை. ஈறு அழற்சி மீளக்கூடியது, இந்த நிலை மீளாதது என்பதே இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு. உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் கடுமையான ஈறு நோயோடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இலங்கையில் ஆய்வு தொடங்கிய காலத்திலேயே, நல்ல பல் பராமரிப்புப் பெற்ற நார்வேயின் ஆஸ்லோ நகரத்து மாணவர்களையும் கல்வியாளர்களையும் கொண்ட மற்றொரு குழுவும் தொடரப்பட்டது. அந்தத் தரவுகளின்படி, ஈறு நலமாகவே இருந்த பற்களில், அவை முளைத்து 50 ஆண்டுகளுக்குப் பிறகும் 99.5 சதவீதம் நிலைத்திருந்தன. எப்போதும் ரத்தம் கசிந்த ஈறு சூழ்ந்த பற்களில் எஞ்சியவை 63.4 சதவீதம் மட்டுமே.

உடலின் பிற காரணங்கள்

படலம் அதிகம் இல்லாத வாயிலும் சில நேரங்களில் ஈறு எளிதில் கசியும். உள்ள படலத்துக்கே மிகையாக வீங்கும். அப்போது காரணத்தை வாய்க்கு வெளியே தேட வேண்டும்.

கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரான், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்கள் உயர்வதால் ஈறின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. இரண்டாம் மாதம் முதல் வீக்கம் தொடங்கி எட்டாம் மாதத்தில் உச்சம் தொடலாம். சிலருக்குப் பல்லிடுக்கில் சிவந்த சதைக்கட்டி வளரும். அது புற்றுநோயல்ல, பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சுருங்கிவிடும். கர்ப்பிணிகள் பல் சுத்தம் செய்துகொள்ளலாம். நான்காம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். பருவமடையும் வயதிலும் இதே ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்குவதுண்டு.

சர்க்கரை நோய் ஈறு நோயைத் தீவிரமாக்குகிறது. ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறது. ஈறுக்கு முறையான சிகிச்சை அளித்தால் மூன்று நான்கு மாதங்களில், சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.4 புள்ளி குறைவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அடிக்கடி ஈறில் சீழ் கட்டுபவர்கள் ரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.

மருந்துகளும் காரணமாகலாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுப்பதால் கசிவு கூடும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயின், ரத்த அழுத்தத்துக்குத் தரும் நிஃபெடிபைன், அம்லோடிபைன், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். ஈறுக்காக இவற்றைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்று மருந்து பற்றி, எழுதிக் கொடுத்த மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

வைட்டமின் சி குறைவால் ஈறு கசிவது பரவலாக அறியப்பட்ட செய்தி. திசுக்களைக் கட்டிப்பிடிக்கும் கொலாஜன் புரதம் உறுதிபெற அந்த வைட்டமின் தேவை. மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளை ஸ்கர்வி நோய் கொன்றது. 1747இல் சாலிஸ்பரி கப்பலில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு விதச் சிகிச்சை அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினர். இன்று அந்த அளவு குறைபாடு அரிது. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உள்ளது; நெல்லிக்காயிலும் அது ஏராளம். ஆனால் படலத்தால் வரும் கசிவை வைட்டமின் மாத்திரை நிறுத்தாது.

ரத்த நோய்களை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. டெங்குவில் காய்ச்சலோடு ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால் அது நோய் தீவிரமாவதற்கான எச்சரிக்கை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். லுகேமியா எனும் ரத்தப் புற்றின் சில வகைகளில் ஈறு திடீரென வீங்கிக் கசிவது முதல் அறிகுறியாக அமைவதுண்டு. தட்டணுக் குறைபாடு, ஹீமோபிலியா, முற்றிய கல்லீரல் நோய் ஆகியவற்றிலும் ஈறு கசியும்.

ரத்தம் வராததும் நலமல்ல

புகைப்பவர்களின் ஈறில் ரத்தம் குறைவாகவே வரும். புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தையும் அழற்சி எதிர்வினையையும் அடக்கிவிடுவதுதான் காரணம். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்க, வெளியே ஈறு வெளுத்து, இறுகி, நலமானது போலத் தோன்றும். புகைப்பதை விட்ட சில வாரங்களில் ரத்தம் வரத் தொடங்கினால் அது ஈறு பழைய உணர்வைப் பெறுவதன் அடையாளம். மெல்லும் புகையிலை, அதை அடக்கி வைக்கும் இடத்தில் ஈறை வேரை நோக்கி இறங்கச் செய்கிறது. வாய்ப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கிறது.

ஸ்கேலிங் பற்றிய அச்சம்

பல் மருத்துவர், மில்லிமீட்டர் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெதுவாக விட்டு ஒவ்வொரு பல்லையும் சுற்றி அளக்கிறார். ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, அளந்த இடங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே ரத்தம் வந்தால் ஈறு நலம் என்று இப்போதைய வகைப்பாடு கொள்கிறது. எலும்பின் நிலையறிய எக்ஸ்ரே எடுக்கப்படும்.

முதல் சிகிச்சை ஸ்கேலிங். அதிர்வுக் கருவியாலும் கைக்கருவிகளாலும் காரை அகற்றப்படும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், எனாமல் தேயும், இடைவெளி விழும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் பரவலாக உண்டு. இடைவெளி உண்மையில் ஏற்கெனவே இருந்தது. எலும்பும் ஈறும் இறங்கியதால் உருவான அந்த இடத்தைக் காரை அடைத்து மறைத்திருந்தது. காரை போனதும் அது வெளிப்படுகிறது, வீக்கம் வடிந்த ஈறும் சுருங்குகிறது. சில நாட்கள் குளிர்ச்சி பட்டால் கூச்சம் இருக்கலாம். பாக்கெட் ஆழமாக இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டு வேர் வரை சுத்தம் செய்வார்கள்; சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்து பார்த்து, ஆழம் குறையாத இடங்களுக்கு மட்டும் அறுவை சிகிச்சை பற்றி முடிவெடுப்பார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

மென்மையான நார்கள் கொண்ட பிரஷே போதும். அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியின் டீனாக இருந்து ஓய்வுபெற்ற சார்லஸ் பாஸ் 1940களில் வகுத்த முறை இன்றும் கற்பிக்கப்படுகிறது. பிரஷை 45 டிகிரி சாய்த்து, நார் நுனி ஈறு விளிம்பை நோக்குமாறு வைத்து, சிறு சிறு அசைவுகளால் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். காலையும் இரவு உறங்கும் முன்பும் இரண்டிரண்டு நிமிடம். அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கும், வேர் தேயும். செங்கல் தூள், கரித்தூள், சாம்பல் ஆகியவை பல்லை அராவுகின்றன. ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் நுனியை நன்றாக மென்று பிரஷ்போல் ஆக்கி, பொறுமையாகத் துலக்கினால் படலத்தை அகற்றும். பல்லிடுக்கும் உட்புறமும் எட்டாமல் போவது அவற்றின் குறை.

பிரஷின் நாரும் பல்லிடுக்குக்குள் முழுதாக நுழைவதில்லை. ஈறு நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நெருக்கமான இடுக்குக்கு ஃபிளாஸ் நூல், சற்று விரிந்த இடுக்குக்கு அதற்கென உள்ள குட்டி பிரஷ் ஆகியவற்றை நாளுக்கு ஒரு முறை பயன்படுத்த வேண்டும். வெதுவெதுப்பான உப்பு நீர் வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு நீர் இரண்டு வாரம் போன்ற குறுகிய காலத்துக்கு மட்டுமே. தொடர்ந்தால் பல்லில் கறை படியும், நாக்கின் சுவை மாறும். இரண்டுமே காரையைக் கரைக்காது.

முறையாகத் துலக்கியும் இரண்டு வாரத்தில் கசிவு நிற்காவிட்டால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல் ஆட்டம், சீழ், விலகாத துர்நாற்றம், இறங்கிய ஈறு ஆகியவை இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். தொடாமலேயே தானாக ரத்தம் வழிந்தாலோ, அதோடு காய்ச்சல், தோலில் சிவப்புப் புள்ளிகள், காரணமற்ற சோர்வு, எடைக் குறைவு ஆகியவை சேர்ந்தாலோ பொது மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஈறு நோய் முதுமையின் தவிர்க்க முடியாத பகுதியல்ல என்பதற்கு ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகர ஆய்வு சான்று. 1970களின் தொடக்கத்தில் ஆக்செல்சன், லிண்டே ஆகியோர் தொடங்கிய அதில், பங்கேற்றவர்களுக்குப் படலம் படியும் இடங்கள் காட்டப்பட்டன, அதை அகற்றக் கற்பிக்கப்பட்டது, தேவைக்கேற்பத் தொழில்முறைச் சுத்தமும் செய்யப்பட்டது. 30 ஆண்டுகளில் அவர்கள் சராசரியாக இழந்தது தலைக்கு ஒரு பல்லுக்கும் குறைவு.